கால் ஊன்றாமல் இருத்தல்

விடுமுறை என்று சொல்லிக்கொண்டு நாம் மேற்கொள்ளும் பிரயாணங்களுள் பெரும்பாலானவை, ஊரில் விட்டுவந்த அவசரத்தை வேறோர் ஊரில் தொடர்வனவாகவே முடிந்துபோகின்றன. காலையில் ஒரு கோயில், நண்பகலில் ஒரு கோட்டை, மாலையில் ஓர் அருவி என்று இடங்களை வரிசையாகப் பார்த்து முடித்து, உடல் அலுத்துத் திரும்பும் மனிதனுக்கு ஓய்வு கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. இதற்கு நேர்மாறான விடுமுறை ஒன்று உண்டு. கடலோரச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அவ்வூரை விட்டு எங்கும் போகாமல், நாள்தோறும் அதே நீருக்குள் இறங்கி, நேற்றுப் பார்த்த பாறையையே இன்றும் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அது. வெளிப்பார்வைக்கு இது சோம்பல்போலத் தோன்றலாம். ஆனால், ஓர் இடத்தில் தன் பாரத்தை அதன்மேல் வைக்காமல் இருக்க மனிதன் கற்றுக்கொள்ளும் அபூர்வமான அப்பியாசம் இதுவே என்பது என் துணிபு. திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளிக் கடல் எனக்கு உணர்த்திய இந்த விஷயத்தை, அக்கடலைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தெற்கே உப்புவெளியும், வடக்கே இறக்கக்கண்டியும், அதற்கும் அப்பால் குச்சவெளியுமாக அமைந்த இந்தக் கரையில், தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாகக் கடலையும் களப்பையும் நம்பி வாழ்ந்து வருகிறார்கள். இக்கரைக்கு ஆண்டில் இரண்டு முகங்கள் உண்டு. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழும்போது வங்கக் கடல் நேராக வந்து கரையில் மோதுகிறது. நீர் கலங்கி, படகுகள் மேட்டில் ஏறி, விருந்தினர் விடுதிகள் வெறிச்சோடிப் போகின்றன. சித்திரை கழிந்து தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. அந்தக் காற்று இலங்கையின் மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் தன் மழையையெல்லாம் பொழிந்து தீர்த்துவிட்டு, வறண்டும் சூடேறியும் கச்சானாகத் தரைப்பக்கமிருந்து இக்கரையை அடைகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்குக் கரையோரத்தில் அலையெழுப்பும் விஸ்தாரம் இல்லாமையால், கொழும்பின் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் நிலாவெளியின் கடல், தன் அடிமணலைக் காட்டிக்கொண்டு அமைதியாகக் கிடக்கிறது.

இவ்வூரில் நாளின் ஒழுங்கைக் காற்றே நிர்ணயிக்கிறது. விடியற்காலையில் கரைவலை இழுப்போர் இரண்டு வரிசையாக நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கயிற்றைப் பின்னோக்கி இழுத்துவர, சூடையும் நெத்தலியும் கும்பளாவும் மணலில் வந்து துள்ளுகின்றன. வலைக்கு உரியவரான சம்மாட்டியின் ஆள் பங்கு பிரிக்கிறான். காகங்களும் நாய்களும் தங்கள் பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. அதன்பின் இடியப்பமும் சொதியுமாகக் காலையுணவு. வெயில் ஏறுமுன், நீர் மிகத் தெளிந்திருக்கும் வேளையிலே படகு புறப்பட்டுவிட வேண்டும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீரின் முகம் சுருங்கியபின், பனைநிழலில் படுத்திருப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணமும் சில நாட்களில் தானாகவே அகன்றுவிடுகிறது. மனம் இவ்வாறு தணிந்த பிறகே கடலுக்கடியில் உள்ளவை கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகின்றன.

கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் காட்டுநிலையிலேயே பாறைப் பிளவுகளில் கூடுகட்டி வாழ்வதால் அதற்கு இப்பெயர். 1963ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இத்தீவும், அதைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் இன்று வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. படகிலிருந்து இறங்கிக் கரையேறுபவன் முதலில் கேட்பது, காலடியில் எழும் ஓர் ஓசை. மண்பாண்ட ஓடுகள் ஒன்றோடொன்று உரசுவதைப் போன்ற அந்த ஓசை, மணலுக்குப் பதிலாகக் குவிந்து கிடக்கும் இறந்த பவளத் துண்டுகளிலிருந்து வருகிறது. விரல் பருமனுள்ளவையும், மான்கொம்பைப்போலக் கிளைத்தவையும், வட்டவட்டமாகச் சிறு கண்கள் பொறித்தவையுமாகப் புயலும் அலையும் ஒடித்துக் கரையில் எறிந்த எலும்புகள் அவை. மனிதன் இத்தீவில் தாராளமாகக் கால்வைக்கக்கூடிய இடம், உயிர் நீங்கிய அந்தப் பவளக் கரை மட்டுமே.

ஸ்நோர்க்கல் என்னும் மூச்சுக்குழாயை வாயில் பற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி வழியே நீருக்குள் பார்த்தபடி குப்புற மிதப்பது மிகவும் எளிய வித்தை. ஆனால் அது திறந்துவிடும் உலகம் எளியதன்று. தண்ணீருக்கும் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கும் இடையே ஒளி முறிந்து வருவதால், நாம் பார்க்கும் ஒவ்வொன்றும் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியதாகவும் கிட்டத்தில் இருப்பதாகவும் தோன்றுகிறது. கிளிமீன் ஒன்று அலகுபோல இணைந்த தன் பற்களால் பாறையைக் கடிக்கும்போது எழும் ஓசை காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல இயலாது. காற்றில் செல்வதைவிட நாலு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் நீரில் ஒலி பாய்வதால், இரு செவிகளுக்கும் அது ஏறத்தாழ ஒரே கணத்தில் எட்டிவிடுகிறது. பாறைமேல் படர்ந்த பாசியை உண்ணுவதற்காகக் கல்லையும் சேர்த்தே கடிக்கும் அம்மீன், அக்கல்லைத் தொண்டையிலுள்ள மற்றொரு வரிசைப் பற்களால் அரைத்து, சற்றுத் தொலைவு நீந்திப்போய் வெண்மணலாக வெளியே விடுகிறது. பவளக் கடற்கரைகளின் வெண்மணலில் ஒரு பெரும் பகுதி இவ்வாறு மீனின் வயிற்றைக் கடந்து வந்ததே.

இன்னும் சற்றுப் பொறுத்து ஒரே இடத்தில் மிதப்பவனுக்கு மற்றொரு காட்சி கிட்டும். பெரிய கலவாய் மீன் ஒன்று, ஒரு குறிப்பிட்ட பவளத் திட்டின் அருகே வந்து அசையாமல் நின்று, வாயை அகலத் திறக்கிறது. நீல நிறத்தில் கருங்கோடு ஓடும், விரல் நீளமே உள்ள சிறு மீன் ஒன்று, சிறிதும் அஞ்சாமல் அந்த வாய்க்குள் நுழைந்து, பல்லிடுக்கிலும் செவுள்களிலும் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றுவிட்டு, செவுள் வழியாக வெளியேறுகிறது. கலவாய் வேறு எந்தச் சிறு மீனையும் இவ்வளவு அருகில் கண்டால் விழுங்கிவிடும். இந்த மீனிடத்தில் மட்டும் அதன் சுபாவம் அடங்கியிருக்கிறது. மற்ற மீன்களும் தத்தம் முறைக்காகச் சுற்றிலும் காத்து நிற்கின்றன. பார்ப்பவன் கையைச் சற்று வீசினாலும் அந்தச் சபை கலைந்துவிடும். அசையாதிருப்பவனுக்கு மட்டுமே தரிசனம் தருகிற சிருஷ்டியின் அந்தரங்கம் இது.

இங்கேதான் காலைப் பற்றிய பேச்சு வருகிறது. எங்களைத் தீவுக்கு அழைத்துச் சென்ற முதிய படகோட்டி, கரையிலேயே எல்லாரிடத்தும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, நீந்தத் தெரியுமோ எண்டு நான் கேக்கிறேல்லை, நிக்காமல் இருக்கத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறனான்." புறாத்தீவின் பவளத் திட்டுகள் பல இடங்களில் நீர்மட்டத்துக்கு மிக அருகிலேயே இருக்கின்றன. கண்ணாடிக்குள் சிறிது நீர் புகுந்தாலும், குழாயில் அலை தெறித்தாலும், தலை நிமிர்த்தி அருகில் இருப்பவரோடு பேச ஆசை எழுந்தாலும், மனித உடல் உடனே செய்வது காலைக் கீழே ஊன்றுவதுதான். பிறந்த மறுவருஷம் முதல் நாம் பழகிவந்த முதல் வித்தை அது. அபாயம் என்று மனம் எண்ணுமுன்னரே பாதம் தரையைத் தேடிவிடுகிறது. நிலத்தில் நம்மைக் காக்கும் அந்தப் பழக்கம், கீழே உயிருள்ள பவளம் இருக்கும்போது கொலையாகிறது.

பவளப்பாறை கல்லைப்போலத் தோன்றினாலும், அதன் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய தசையால் ஆன நுண்ணிய ஜீவன்களின் குடியிருப்பு. ஒவ்வொன்றும் தன் உடலுக்குள் இடங்கொடுத்திருக்கும் நுண்பாசிகள், சூரிய ஒளியைக் கொண்டு சமைக்கும் உணவாலேயே அது பெரும்பாலும் வாழ்கிறது. பாசிகளின் நிறமே பவளத்துக்கும் நிறம். இறந்தவற்றின் சுண்ணாம்பு எலும்பின்மேல் அடுத்த தலைமுறை தன் வீட்டைக் கட்ட, பாறை வளர்கிறது. கிளைவகைப் பவளம் ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவு நீளக்கூடும். திரண்ட கற்குவடுபோன்ற வகையோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரே உயர்கிறது. அப்படியானால் ஒரு மீட்டர் உயரமுள்ள குவட்டுக்கு வயது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. ஒரு பாதம் ஒரு கணம் அதன்மேல் அழுந்தினால் தசை நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் வேறு பாசி படர்ந்து, மீண்டும் பவளம் குடியேறாமல் தடுக்கிறது. தீவின் அருகே ஆட்கள் அதிகம் இறங்கும் இடங்களில் சாம்பல் நிறமான சிதைகற்கள் பரந்து கிடப்பதை எவரும் காணலாம். அங்கே நின்றவர்களுள் ஒருவரும் தீயவரல்லர். நிற்காமல் இருக்க அவர்களுக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பவளத்தை உயிராகக் காணும் வழக்கம் நமக்குப் புதியது. முருகைக்கல் என்று நம்மவர் வழங்கிய அதை வெட்டி மதிலும் கிணறும் கட்டினார்கள். சூளையில் இட்டு எரித்துச் சுண்ணாம்பாக்கி வீட்டுச் சுவருக்குப் பூசினார்கள். ஒல்லாந்தர் எழுப்பிய யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களில் இன்றும் அக்கல்லின் கண்களைக் காணலாம். அதில் குற்றம் காண்பது நியாயமாகாது. கருங்கல் கிடைக்காத தேசத்து மக்கள், கைக்கெட்டிய கல்லைக் கொண்டு வாழ்ந்தார்கள். தமிழருக்குக் கடல் எப்போதுமே உழைப்பின் களமாக இருந்தது. பார்ப்பதற்காக மட்டும் நீருக்குள் இறங்குதல் என்ற எண்ணம், முத்தும் சங்கும் எடுக்க மூழ்கிய நம் முன்னோருக்குப் பொருளற்றதாகவே தோன்றியிருக்கும்.

மன்னார்க் குடாவில் நடந்த முத்துச் சலாபங்களின் சரித்திரம் இதைத் தெளிவாகக் காட்டும். பின்னாளில் நாவலாசிரியராக அறியப்பட்ட லெனார்ட் வூல்ஃப், இளம் அரசாங்க உத்தியோகஸ்தராக 1906ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் பணிபுரிந்தார். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் கொள்ள, மூழ்கியவர்களுக்கு எஞ்சியது ஒரு பங்கே. குளிகாரன் ஒரு கல்லில் காலை வைத்துக்கொண்டு அதன் கனத்தால் ஆழத்துக்குச் சென்று, அடக்கிய மூச்சு தீருமுன் கூடையை நிரப்பி, கயிற்றை அசைத்து மேலே சைகை காட்டுவான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுக்க வேண்டும், தன் சகோதரியின் மாங்கல்யத்தை அவனன்றி வேறெவன் அவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பான் என்பது முத்துக்குளித்துறையின் பழம்பேச்சு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி ஒருவன் கரையில் இல்லாவிடில் குளிகாரர் நீரில் இறங்க மறுத்தார்கள். அவ்வளவு துணிவும் நம்பிக்கையும் திரண்ட அந்தத் தொழில், 1907ஆம் ஆண்டுக்குப் பின், பார் எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி போதாமையால் பல ஆண்டுகள் நடைபெறாமலே போயிற்று.

1943ஆம் ஆண்டில் பிரான்ஸில் கூஸ்தோவும் காக்நானும் சேர்ந்து உருவாக்கிய, முதுகில் சுமந்த காற்றால் நீருக்கடியிலேயே மூச்சுவிட உதவும் ஸ்கூபா உபகரணம், மூழ்கும் இந்த வித்தையை வேரோடு மாற்றியது. நம் மரபின் மொழியில் சொன்னால், முத்துக்குளிப்பவனின் அப்பியாசம் முழுவதும் கும்பகம். மூச்சை உள்ளே நிறுத்தும் வல்லமையே அவன் செல்வம். ஸ்கூபா கற்பவனுக்கோ ஆசான் சொல்லும் முதல் விதி, மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அங்கே நுரையீரலில் நிரம்பிய காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரிய முயலும். வெளியே போக வழியில்லாவிடில் நுரையீரலையே கிழிக்கும். ஆகவே மூச்சை இழுக்கும் பூரகமும் விடும் ரேசகமும் மட்டுமே இடைவிடாமல், நிதானமாக, நீளமாக நடைபெற வேண்டும். மூச்சை இழுத்தால் உடல் சற்றே உயர்கிறது. விட்டால் சற்றே தாழ்கிறது. இடுப்பில் கட்டிய ஈயமும் மேலே அணிந்த காற்றுச் சட்டையும் ஒன்றையொன்று சமன்செய்த பின், பாறைக்கு ஒரு முழம் மேலே மேலும் கீழும் போகாமல் அந்தரத்தில் நிற்பதற்கு மூச்சு ஒன்றே சாதனம். குளிகாரனின் கல் அவனைக் கீழே கொண்டுசென்று இருத்தியது. இவன் கட்டிய ஈயம் இவனை எங்கும் இருத்தாமல் இருப்பதற்காக. அவன் எடுக்கச் சென்றான். இவன் ஒன்றையும் எடுக்காமல் திரும்பக் கடமைப்பட்டவன். ஆயினும் அந்த மைத்துனனின் இடம் இன்றும் காலியாகவில்லை: ஸ்கூபாவிலும் எவரும் தனியே இறங்கலாகாது, ஒருவர் மூச்சுக்கு மற்றொருவர் காவல்.

பாரமின்மையின் இந்த ஆனந்தத்தைத் தேடி வந்தவருள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளியைப் பற்றி எழுதிய அவர், விண்வெளியில் மனிதன் அடையும் எடையற்ற நிலையைப் பூமியிலேயே அனுபவிக்கக் கடலன்றி வேறு இடமில்லை என்று கண்டு, 1956ஆம் ஆண்டில் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். திருக்கோணேசர் மலையின் அடிவாரத்துக் கடலில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் தூண்களும் கற்களும் கிடப்பதை அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். பிற்காலத்தில் நோயினால் சக்கர நாற்காலியில் அமர நேர்ந்த அவருக்கு, தரையில் மறுக்கப்பட்ட சுயேச்சையை நீர் திருப்பிக் கொடுத்தது. காலால் நிற்க இயலாத மனிதனுக்கும் கால் தேவைப்படாத ஓர் உலகம் உண்டு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவு சாந்தமான கரையில் ஓய்வெடுக்கும் விருந்தினன், அதன் சாந்தம் அண்மையில் வந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டில் முடிந்த நீண்ட யுத்தத்தின்போது இக்கடல் பல காலம் இவ்வூராருக்கே தடையும் அச்சமும் நிறைந்ததாக இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலையில் எழுந்த ஆழிப்பேரலை, கரையோர வீடுகளையும் விடுதிகளையும் படகுகளையும் மனிதரையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்தத் துயரைக் கடந்து வந்தவர்களே இன்று முகக்கண்ணாடியைக் கழுவிக் கையில் கொடுக்கிறார்கள். வலைத்தொழிலின் வருவாய் போதாத வீட்டுக்குப் படகுச் சவாரி சோறு போடுகிறது. ஆகையால் பவளத்தைக் காக்க மக்களை வரவிடாமல் தடுத்துவிட்டாற் போதும் என்போர், கரையில் இருக்கும் அடுப்பைப் பாராமல் பேசுகிறார்கள்.

பாதத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நீரின் வெப்பத்திலிருந்து வருகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை அளவே வெப்பம் ஏறிச் சில வாரங்கள் நீடித்தாலும் பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. வெப்பம் தணியாவிடில் மடிகிறது. 1998ஆம் ஆண்டில் இலங்கையின் தென்கரைப் பவளங்கள் பெருமளவில் மாண்டபோது, திருகோணமலைப் பகுதியின் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. 2024ஆம் ஆண்டில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டிருக்கும் இக்காலத்தில், அந்த நல்வாய்ப்பு என்றும் தொடரும் என்று நம்பியிருக்க முடியாது. வெப்பத்தை ஒரு கிராமத்தாலோ ஒரு விருந்தினனாலோ தணித்துவிட இயலாதுதான். ஆனால் காய்ச்சலோடு இருப்பவனை மிதிக்காமலாவது இருக்கலாம். நசுங்காத பவளத்துக்கே வெளிறியபின் மீண்டெழும் வலு மிஞ்சுகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. புறாத்தீவுக்குப் படகேறும் ஒவ்வொருவரும், ஏறுவதற்கு முன் நிலாவெளியின் மணற்கரையில், இடுப்பளவு நீரில், கீழே நசுங்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரு மணி நேரம் மிதக்கக் கற்றுக்கொள்ளட்டும். கண்ணாடியில் புகுந்த நீரைக் கால் ஊன்றாமலே வெளியேற்றவும், களைத்தால் மல்லாந்து கிடக்கவும், மிதவைச் சட்டையை நம்பவும் அங்கே பழகட்டும். அப்பயிற்சியை அளிக்க வேண்டியவர்கள் அவ்வூர்க் கடலோடிகளே. அந்த மணி நேரத்துக்கு உரிய கூலியும் அவர்களுக்குப் படகுக்கூலியோடு சேர்ந்து கிடைக்க வேண்டும். விடுமுறையில் ஒரு மணி நேரம் போய்விடுகிறதே என்று வருந்துபவன், எதற்காக இங்கே வந்தான் என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். நிலத்தில் நாம் வைக்கும் ஒவ்வோர் அடியும் நமக்கு உரிமை கோரும் அடியாக இருக்கிறது. உரிமை கோராமல் ஓரிடத்தில் இருக்கவும், அவ்வாறு இருப்பதிலேயே நிறைவு காணவும் கற்பிக்கும் பள்ளி ஒன்று, வைகாசி முதல் புரட்டாசி வரை கிழக்குக் கரையில் திறந்திருக்கிறது. அதன் பாடத்தைக் கற்றவனே அங்கே மெய்யாக ஓய்வெடுத்தவன்.